வினை மறைந்த பெயர்கள்: ரைக்ஸ் அருங்காட்சியக இணையத்தளத்தின் தலைப்புகளும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

அருங்காட்சியகத்திற்கு நேரில் செல்பவர் முதலில் பொருளைக் காண்கிறார்; அதன் பின்னரே அருகில் வைக்கப்பட்டுள்ள குறிப்பைப் படிக்கிறார். இணையத்தளத்தின் வழியே அணுகுபவருக்கு இவ்வரிசை மாறிவிடுகிறது. அவர் முதலில் ஒரு சொல்லைத் தருகிறார். அச்சொல் எப்பதிவுரையில் இடம்பெற்றுள்ளதோ அதற்குரிய படம் திரையில் தோன்றுகிறது. தேடும் சொல்லும் பதிவுரையின் சொல்லும் பொருந்தாவிடின், பொருள் களஞ்சியத்தில் இருந்தும் அவரளவில் இல்லாததாகிறது. இணையத்தில் அருங்காட்சியகத்தின் வாயிலாக நிற்பது சொல்லே எனலாம்.

ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் இவ்வகையில் ஆராய்வதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ 10 இலட்சம் பொருள்களைக் கொண்ட இந்நிறுவனத்தில் காட்சிக்கூடங்களில் வைக்கப்படுவன ஏறத்தாழ 8,000 மட்டுமே. எஞ்சியவற்றைப் பொதுமக்கள் காண்பதற்கு இணையத்தளமே பெரும்பாலும் வழியாகும். புதுப்பிப்பிற்காக 2003இல் மூடப்பட்ட முதன்மைக் கட்டடம் 2013 ஏப்ரலில் திறக்கப்படுவதற்கு முன்னரே, 2012இல் 'ரைக்ஸ் ஸ்டுடியோ' என்னும் பெயரில் 1,25,000 படைப்புகளின் உயர்தரப் படங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டன. பதிப்புரிமைக் காலம் கடந்த படைப்புகளின் படங்களை எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம் என்னும் கொள்கையைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்திய முன்னோடி நிறுவனங்களுள் இதுவும் ஒன்று.

படங்களை இவ்வாறு திறந்து வைத்த தளம் அவற்றின் பெயர்களுக்குரிய வரலாற்றை எந்த அளவிற்குத் திறந்து வைத்துள்ளது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. ஓவியத்தின் தலைப்பு ஓவியர் இட்ட பெயர் என்றே பலரும் கருதுகின்றனர். 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் பொறுத்தவரை இக்கருத்து பெரும்பாலும் பொருந்துவதில்லை. அக்காலத்தார் ஓவியத்தில் நிகழ்வதை வினையால் விளக்கினர். பிற்காலத்தார் அதனைப் பெயர்த்தொடராகச் சுருக்கினர். அச்சுருக்கமே தேடுசொல்லாக நிலைபெற்று, பிற மொழிகளுக்கும் பெயர்க்கப்படுகிறது. இப்போக்கினைச் சில பதிவுரைகளின் வழி ஆராய்ந்து, அவற்றைத் தமிழாக்குவோர் கொள்ளத்தக்க நெறிகளைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நிறுவனத்தின் பெயர்

பெயரின் வரலாறு நிறுவனத்தின் பெயரிலிருந்தே தொடங்குகிறது. 1800இல் ஹேக் நகரில் திறக்கப்பட்டபோது இது 'தேசியக் கலைக்கூடம்' எனப்பட்டது. அப்போது அந்நாடு பட்டாவியக் குடியரசாக இருந்தது. நெப்போலியனின் இளவல் லூயி ஹாலந்தின் மன்னரான பின் 1808இல் தொகுப்பு ஆம்ஸ்டர்டாம் அரண்மனைக்கு மாற்றப்பட்டு 'அரச அருங்காட்சியகம்' ஆயிற்று. பிரெஞ்சு ஆட்சி நீங்கி வில்லியம் மன்னரின் ஆட்சி அமைந்ததும் 'ரைக்ஸ்' என்னும் அடைமொழி வந்து சேர்ந்தது. கியூபர்ஸ் வரைந்தமைத்த இன்றைய கட்டடம் 1885இல் திறக்கப்பட்டது.

தேசம், அரசர், அரசு என மூன்று ஆட்சிமுறைகள் மூன்று அடைமொழிகளைத் தந்துள்ளமை நோக்கத்தக்கது. 'ரைக்ஸ்' என்பதற்கு 'அரசுக்குரிய' என்பதே பொருள். ஆயினும் ஆங்கிலத்திலும் தமிழிலும் அது ஒலிபெயர்க்கப்படுகிறதேயன்றி மொழிபெயர்க்கப்படுவதில்லை. ஒலிபெயர்ப்பில் பெயர் தனிச்சிறப்புப் பெறுகிறது. அதனுள் உறைந்த பொருள் மறைகிறது. நிறுவனத்தின் பெயருக்கு இஃது ஏற்புடையதே. ஓவியத் தலைப்புகளுக்கு வரும்போது இழப்பு மிகுகிறது.

3. இரவும் காவலும்

ரெம்பிராண்ட் 1642இல் தீட்டி முடித்த பேரோவியம் உலகெங்கும் 'நைட் வாட்ச்' என அறியப்படுகிறது. இரவு, காவல் என்னும் இரு பெயர்களால் ஆன டச்சுத் தொகைச்சொல்லின் நேர் ஆங்கிலப் பெயர்ப்பு இது. இப்பெயர் ஓவியர் இட்டதன்று; 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வழக்கிற்கு வந்தது. மேற்பூச்சு கறுத்து, ஓவியம் இருண்டு காணப்பட்ட காலம் அது. 1946-47இல் ஓவியம் தூய்மை செய்யப்பட்டபோது இருள் விலகிப் பகலொளி வெளிப்பட்டது. எனினும் பெயரில் இரவு நீங்கவில்லை.

ஓவியத்தில் முன்னிற்கும் தலைவர் ஃபிரான்ஸ் பானிங் காக் என்பவரின் குடும்பத் தொகுப்பேட்டில் இவ்வோவியத்தின் சிறுபடி ஒன்று உள்ளது. படைத்தலைவர் தம் துணைத்தலைவரிடம் குடிமக்கள் படையை அணிவகுத்துப் புறப்படச் செய்யுமாறு ஆணையிடுகிறார் என்னும் கருத்தில் அதனருகே குறிப்பு எழுதப்பட்டுள்ளது. இக்குறிப்பின் மையம் வினை. ஆணையிடுதல், புறப்படுதல் என்னும் இரு செயல்களும் அதில் உள. பிற்காலத் தலைப்பிலோ ஆணையும் இல்லை, புறப்பாடும் இல்லை, ஓவியத்தில் இல்லாத இரவு மட்டும் உள்ளது.

இணையத்தளப் பதிவுரை இதனை ஓரளவு நேர்செய்கிறது. பானிங் காக்கின் தலைமையில் அமைந்த இரண்டாம் வட்டாரக் காவற்படை என்னும் விளக்கத் தலைப்பை முதலில் தந்து, 'நைட் வாட்ச்' என்பதனை 'எனப்படும்' என்னும் வாய்பாட்டால் பின்னர் இணைக்கிறது. பாராட்டத்தக்க முறை இது. விளக்கத்தையும் வழக்குப் பெயரையும் பிரித்துக் காட்டுவதால், இரண்டும் வெவ்வேறு காலத்தன என்பதைப் படிப்பவர் ஊகிக்க இயலுகிறது. எனினும் விளக்கத் தலைப்பும் பெயர்த்தொடராகவே நிற்கிறது. படை இருக்கிறது, அது புறப்படவில்லை.

2019 சூலையில் இவ்வோவியத்தை ஆய்வு செய்து சீரமைக்கும் பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. அதன் பயனாக 2022 சனவரியில் வெளியிடப்பட்ட படம் 71,700 கோடி படப்புள்ளிகளைக் கொண்டது. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவு ஒரு மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்காகும். வண்ணத்துகளையும் காணத்தக்க இத்துல்லியம் கண்ணுக்குக் கிட்டியுள்ளது. அதே திரையில் பட்டப்பகலை இரவு என அழைக்கும் பெயரும் நிற்கிறது. படத்தின் துல்லியத்திற்கும் சொல்லின் துல்லியத்திற்கும் இடையே உள்ள இத்தொலைவே திறனாய்விற்குரியது.

தமிழாக்கத்தில் மேலும் ஒரு சிக்கல் எழுகிறது. மூலத்தின் இரண்டாம் கூறு காத்தல் தொழிலையும் காப்போர் குழுவையும் ஒருங்கே குறிக்கும். 'இரவுக் காவல்' என்பது தொழிலையும், 'இரவுக் காவலர்' என்பது ஆட்களையும் குறிப்பன. பின்னதைக் கேட்கும் தமிழர் மனத்தில் தடியும் விளக்கும் ஏந்தித் தெருவில் வலம் வரும் ஊழியர் தோன்றுவார். ஓவியத்தில் இருப்போரோ நகரின் செல்வர்கள். தம் உருவம் இடம்பெறப் பணம் செலுத்தியவர்கள். ஓவியம் முடிந்த பின்னர் அவர்களுள் 18 பேரின் பெயர்கள் ஒரு கேடயத்தில் எழுதிச் சேர்க்கப்பட்டன. 'இரவுக் காவல்' என்பதை வழக்குப் பெயராக மட்டும் கொண்டு, 'நகரக் காவற்படை புறப்படுதல்' என்பது போன்ற விளக்கத்தை முன் வைப்பது பொருத்தமாகும்.

4. பால் ஊற்றும் பணிப்பெண்

வெர்மீர் ஏறத்தாழ 1660இல் தீட்டிய சிற்றோவியம் ஒன்றை அருங்காட்சியகம் 1908இல் வாங்கியது. அடுக்களை மேசையருகே நின்று மட்கலத்திலிருந்து பாலை ஊற்றிக் கொண்டிருக்கும் பெண்ணின் ஓவியம் அது. டச்சில் 'மெல்க்மெய்ஷ்யெ' என்றும், ஆங்கிலத்தில் 'மில்க்மெய்ட்' என்றும் அது வழங்குகிறது.

டச்சுச் சொல் 'பால்', 'சிறுபெண்' என்னும் இரண்டன் தொகை. 'சிறுபெண்' என்னும் கூறு, பெண்ணைக் குறிக்கும் சொல்லுடன் சிறுமை விகுதி சேர்ந்து அமைந்தது. டச்சில் சிறுமை விகுதி ஏற்ற பெயர்கள் அனைத்தும் நடுப்பாலுக்குரிய சுட்டிடைச்சொல்லைப் பெறும். பெண்ணைக் குறிப்பினும் இலக்கண வகையால் இச்சொல் பெண்பால் ஆகாது. தமிழில் திணையும் பாலும் பொருள் பற்றி அமைவன. டச்சில் இவ்விடத்துப் பால் சொல்லின் வடிவம் பற்றி அமைகிறது. சிறுமை விகுதியில் இளமையும் எளிமையும் அன்பும் சிறிது இழிவும் கலந்திருக்கலாம். இவற்றுள் எது தலைப்பில் ஒலிக்கிறது என்பதைச் சொல் தானே கூறுவதில்லை.

தொகைச்சொல் எனவே வினையும் தொக்குள்ளது. பாலுக்கும் பெண்ணுக்கும் உள்ள தொடர்பு யாது என்பது சொல்லப்படவில்லை. அவ்விடைவெளியை ஒவ்வொரு மொழியும் தன் வழக்கால் நிரப்புகிறது. ஆங்கிலச் சொல்லைக் கேட்பவர் பசுவிடம் பால் கறக்கும் பெண்ணை எண்ணுவர். அதனைப் 'பால்காரி' எனத் தமிழாக்கினால், வீடுதோறும் பால் விற்கும் பெண் தோன்றுவார். கறத்தல், விற்றல் ஆகிய இரண்டும் ஓவியத்தில் இல்லை. உள்ளது ஊற்றுதல் ஒன்றே.

1696இல் ஆம்ஸ்டர்டாமில் வெர்மீரின் 21 ஓவியங்கள் ஏலம் விடப்பட்டன. அவ்வேலப் பட்டியலின் இரண்டாம் இலக்கத்தில் இவ்வோவியம் இடம்பெற்று 175 கில்டருக்கு விலைபோயிற்று. பட்டியலைத் தொகுத்தவர் அதனைப் பால் ஊற்றும் பணிப்பெண் என்னும் பொருள்படவே குறித்துள்ளார். வணிக நோக்கில் எழுதப்பட்ட அக்குறிப்பில் பெண்ணின் தொழில்நிலையும் அவள் செய்யும் செயலும் இரண்டும் உள. பெரும்புகழ் பெற்ற பிற்காலப் பெயரை விட இப்பழைய குறிப்பே ஓவியத்திற்கு நெருங்கியது எனலாம்.

அப்பட்டியலின் தொடர் டச்சில் எச்சக் கிளவியமாக அமைகிறது. தமிழின் பெயரெச்சம் இவ்வமைப்பிற்கு இயல்பாகவே பொருந்துகிறது. 'பால் ஊற்றும் பணிப்பெண்' என்னும் தொடரில் எச்சமும் பெயரும் இணைந்து சுருக்கமான தலைப்பாக நிற்கின்றன. 'ஊற்றும்' என்னும் எச்சத்தின் காலம் முடிவுறாத தன்மையது. ஓவியத்தில் பால் ஒழுகிக்கொண்டே இருப்பதற்கும் அது பொருந்துகிறது. ஆங்கிலத் தலைப்பைப் பின்பற்றித் தொகைச்சொல் ஆக்குவதனால் தமிழ் தன் இயல்பான ஆற்றலை இழக்கிறது.

5. ஓவியத்தின்மேல் எழுதப்பட்ட சொல்

தலைப்பு ஓவியத்திற்கு வெளியே நிற்பது. சில வேளைகளில் சொல் ஓவியத்தின் உள்ளேயே புகுந்துவிடுகிறது. யான் அஸ்ஸலைன் என்பவர் ஏறத்தாழ 1650இல் தீட்டிய அன்ன ஓவியம் இதற்குச் சான்று. நீந்தி நெருங்கும் நாயிடமிருந்து தன் கூட்டைக் காக்கச் சிறகு விரித்துச் சீறி நிற்கும் அன்னம் அது. 1800இல் 100 கில்டர் கொடுத்து வாங்கப்பட்ட இவ்வோவியமே அருங்காட்சியகம் வாங்கிய முதற்படைப்பாகும்.

ஓவியத்தில் மூன்று இடங்களில் எழுத்துகள் உள்ளன. அன்னத்தின் கீழ் ஆட்சித்தலைவரின் பதவிப்பெயரும், ஒரு முட்டையின்மேல் ஹாலந்தின் பெயரும், நாயின் மேற்புறம் நாட்டின் பகைவன் என்னும் பொருள்படும் தொடரும் எழுதப்பட்டுள்ளன. இவற்றைக் கொண்டு அன்னம் ஆட்சித்தலைவர் யொஹான் டி விட்டைக் குறிக்கும் அரசியல் உருவகம் எனப் பொருள்கொள்ளப்பட்டது. டி விட் அப்பதவியை ஏற்றது 1653இல். ஓவியர் மறைந்தது 1652இல். எழுத்துகள் பிறரால் பின்னர் சேர்க்கப்பட்டவை என்பது இதனாலும் தெளிவாகிறது. ஓவியர் பறவையைத் தீட்டினார். பின்வந்தவர் மூன்று சொற்களால் அதனை அரசியலாக்கினார். தேசியக் கலைக்கூடம் இதனை வாங்கியபோது அவ்வரசியற்பொருளும் உடன் வந்தது.

இதன் தலைப்பு 'அச்சுறுத்தப்பட்ட அன்னம்' என்னும் பொருளுடையது. இங்கு வினை மறையவில்லை. ஆயின் செயப்பாட்டு எச்சமாகி, செய்பவனை இழந்து நிற்கிறது. அன்னம் அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் பொருளாகவே தலைப்பில் காட்டப்படுகிறது. ஓவியத்தில் செயலாற்றுவது அன்னமே. தமிழில் செயப்பாட்டு வினை அருகிய வழக்கினது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது இங்கு ஓவியத்தின் ஆற்றலை மேலும் குறைக்கும். 'கூடு காக்கும் அன்னம்' என்பது ஓவியத்திற்கும் தமிழ் வழக்கிற்கும் ஒத்தது. ஆயினும் அது மொழிபெயர்ப்பாளரின் விளக்கம் என்பதையும், தளத்தின் தலைப்பு வேறு என்பதையும் குறித்தல் கடமையாகும்.

ரெம்பிராண்டின் பிற்கால ஓவியமாகிய 'யூத மணமகள்' என்பதன் பெயரும் 19ஆம் நூற்றாண்டில் எழுந்ததே. மகளின் திருமண நாளில் தந்தை அவளுக்குக் கழுத்தணி பூட்டும் காட்சி என ஒருவர் கருதியதன் விளைவு அது. விவிலியத்தின் கணவன் மனைவியராக இருவரையும் இனங்கண்டு, அப்பெயர்களை முதலிலும் வழக்குப் பெயரைப் பின்னும் தருகிறது இன்றைய பதிவுரை. இவ்விடத்துத் தமிழாக்குவோர் ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றி 'ஐசக்', 'ரெபெக்கா' என எழுதுவது தேவையற்றது. தமிழ் விவிலியம் நெடுங்காலமாக வழங்கும் 'ஈசாக்கு', 'ரெபெக்காள்' என்னும் வடிவங்கள் படிப்பவரை அக்கதைக்கு நேரே இட்டுச்செல்லும்.

6. பெயர் பெறாதவர்களும் பெயர் திணிக்கப்பட்டவர்களும்

இதுவரை கூறியவற்றால் வினை சிறந்தது, பெயர் குறையுடையது என்னும் முடிவிற்கு வருதல் கூடாது. பெயர் மறுக்கப்பட்டவரிடத்துப் பெயரே நீதியாகிறது. சைமன் மாரிஸ் ஏறத்தாழ 1906இல் தீட்டிய உருவ ஓவியம் இதனை உணர்த்தும். வெண்ணிற உடையணிந்து, கையில் விசிறியுடன் அமர்ந்து காண்பவரை நோக்கும் கறுப்பின இளம்பெண்ணின் ஓவியம் அது. அவளை இனத்தால் மட்டும் சுட்டி, 'இளம் நீக்ரோப் பெண்' என்னும் பொருள்படும் தலைப்பே பட்டியலில் இருந்து வந்தது.

2015இல் அருங்காட்சியகம் தன் பதிவுரைகளில் காணப்பட்ட குடியேற்ற ஆதிக்கக் காலச் சொற்களை ஆராய்ந்து மாற்றும் பணியை மேற்கொண்டது. இவ்வோவியம் 'விசிறி ஏந்திய இளம்பெண்' என்னும் பொருளுடைய தலைப்பைப் பெற்றது. இழிவு நீங்கிற்று, ஆனால் பெண் இன்னும் பெயரற்றவளாகவே இருந்தாள். பின்னர் நிகழ்ந்த ஆய்வு அவள் பெயர் இசபெல்லா என்பதைக் கண்டறிந்தது. இன்று அப்பெயரே தலைப்பு. நகரச் செல்வர் 18 பேரின் பெயர்களைக் கேடயத்தில் எழுதி வைத்த மரபு, இவ்விளம்பெண்ணின் பெயரை ஒரு நூற்றாண்டிற்கு மேல் எழுதாமல் விட்டது.

இம்முயற்சியைக் குறித்து இருவகைக் கருத்துகள் எழுவது இயல்பு. பழைய தலைப்பும் வரலாற்றுச் சான்று, அதனை மாற்றுவது வரலாற்றை அழிப்பதாகும் என்பது ஒன்று. அருங்காட்சியகப் பணியாளர் இட்ட தலைப்பு படைப்பின் கூறன்று, எனவே மாற்றத்தக்கது என்பது மற்றொன்று. மொழியியல் நோக்கில் இரண்டாவதே வலிமையுடையது. மேலே கண்டவாறு தலைப்புகள் தொடர்ந்து மாறியே வந்துள்ளன. 'இரவு' வந்தது, 'யூத மணமகள்' வந்தாள், எவரும் அவற்றை வரலாற்றை அழிப்பதாகக் கூறவில்லை. எனினும் முதற்கருத்திலும் ஏற்கத்தக்க கூறு உண்டு. பழைய சொல் எது, அது எக்காலம் வரை வழங்கிற்று என்பது பதிவுரையிலேயே ஆண்டுடன் காணக்கிடைத்தல் வேண்டும். அவ்வாறின்றேல் பழைய நூல்களில் பழைய தலைப்பைக் கண்ட ஆய்வாளர் ஓவியத்தைக் கண்டடைவது அரிதாகும். நிறுவனம் எவ்வாறு பேசிற்று என்னும் சான்றும் மறையும்.

சிறப்புப்பெயர் கிடைத்துவிட்டால் நீதி முழுமையாகிவிடும் என்றும் கூறவியலாது. இதே அருங்காட்சியகம் 2021இல் அடிமை முறை பற்றிய கண்காட்சியைப் பத்து மாந்தரின் வாழ்க்கை வழியாக அமைத்தது. அவற்றுள் ஒன்று 'வான் பெங்காலன்' என்னும் பெயர் தாங்கியோரைப் பற்றியது. 'வங்காளத்திலிருந்து வந்தவர்' என்பதே அதன் பொருள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளில் அடிமைகளாக்கப்பட்டோர்க்கு உடைமையாளர் ஒரு முதற்பெயரை இட்டு, பிறப்பிடத்தைப் பின்னொட்டாகச் சேர்த்தனர். மலபார், சோழமண்டலக் கரை ஆகியவற்றின் பெயர்களும் இவ்வாறு மக்கட்பெயர்களாயின. இவை வடிவத்தால் சிறப்புப்பெயர். தோற்றத்தால் சரக்குக் குறிப்பு. இத்தகைய பெயரைத் தமிழாக்குவோர் அதனை ஒலிபெயர்ப்பதோடு நில்லாமல், யார் இட்ட பெயர் என்பதையும் கூறுதல் வேண்டும்.

7. ஆடவல்லான்

இவ்வருங்காட்சியகத்திற்கும் தமிழகத்திற்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. சோழர் காலத்து ஆடற்கோலச் சிவன் படிமம், ஒன்றரை மீட்டர் உயரமும் ஏறத்தாழ 300 கிலோ எடையும் உடையது, அதன் ஆசியக் கலைக்கூடத்தில் உள்ளது. ஆசியக் கலை ஆர்வலர் சங்கம் ஒன்று 1935இல் வாங்கி, பின்னர் நிறுவனத்திற்கு இரவலாக அளித்தது. 'சிவ நடராஜா' என்பது தலைப்பு. ஆக்கியோர் பெயர் உரிய இடத்தில் 'பெயர் அறியப்படாதவர்'. காலம் 12ஆம் நூற்றாண்டு. இடம் தமிழ்நாடு எனப் பதிவுரை கூறுகிறது.

இப்பதிவுரையை வேறொரு பதிவுரையுடன் ஒப்பிடலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் கோயிலுக்கு அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளைப் பட்டியலிடுகின்றன. முழம், விரல் என்னும் அளவுகளில் உயரம், கைகளின் எண்ணிக்கை, கனமாக வார்க்கப்பட்டதா பொள்ளலாக வார்க்கப்பட்டதா என்னும் விவரம், அளித்தவர் பெயர் ஆகியன அவற்றில் உள. மன்னனின் தமக்கை குந்தவை அளித்தனவும் அவற்றுள் அடங்கும். ஆயிரம் ஆண்டுகட்கு முந்தைய முறையான பொருட்பட்டியல் இஃது எனலாம். ஆம்ஸ்டர்டாம் படிமத்தை ஊடுகதிரால் ஆராய்ந்தவர்கள் அது கனமான வார்ப்பு என்பதைக் கண்டனர். தஞ்சைக் கல்வெட்டுகள் பொருள்தோறும் தவறாது குறித்த செய்தி அது.

மொழி வகையால் இரு பட்டியல்களும் வேறுபடுகின்றன. முதலாவது வேறுபாடு பெயரில் உள்ளது. தஞ்சைக் கல்வெட்டுகள் ஆடும் இறைவனை 'ஆடவல்லான்' என வழங்குகின்றன. அளவு மரக்காலுக்கும் அப்பெயர் இடப்பட்டது. ஆடுதல் என்னும் வினை அப்பெயரில் உயிருடன் உள்ளது. 'நடராஜா' என்பது கூத்தின் அரசன் எனப் பொருள்படும் வடசொற்றொகை. ஆட்சி அதில் தலைமை பெற்று, ஆட்டம் அடையாகிறது. இன்றைய தமிழ் வழக்கிலும் நடராசர் என்பதே பெருவழக்கு ஆதலால் தளத்தின் தலைப்பைப் பிழை எனல் இயலாது. ஆயினும் படிமம் பிறந்த காலத்தின் பெயர் பதிவுரையின் தேடுசொற்களுள் ஒன்றாகவேனும் இடம்பெறத் தக்கது.

இரண்டாவது வேறுபாடு வினையில் உள்ளது. கல்வெட்டு திருமேனியை 'எழுந்தருளுவித்த' என்னும் எச்சத்தால் குறிக்கும். செய்வித்தவர் செயலும் இறைவனின் எழுந்தருளலும் அவ்வொரு சொல்லில் பிணைந்துள்ளன. அருங்காட்சியகப் பதிவுரையில் படிமம் அஃறிணைப் பொருளாகி, பொருள், அளவு, எடை என்னும் பண்புகளைப் பெறுகிறது. தமிழாக்குவோர் இங்குத் திணை பற்றிய முடிவை எடுத்தே ஆகவேண்டும். 'சிலை உள்ளது' என்பதா, 'திருமேனி எழுந்தருளியுள்ளது' என்பதா? முன்னது கலைக்கூடத்தின் மொழி. பின்னது கோயிலின் மொழி. பதிவுரையைப் பெயர்ப்பவர் முன்னதையே கொள்ளல் தகும். பின்னதைக் கொண்டால், வழிபாட்டிலிருந்து பிரிக்கப்பட்ட வரலாற்றை மொழியால் மறைத்ததாகும். பிரிவை மறைக்காமலும், பிரிவு நிகழ்ந்தது என்பதை விளக்கக் குறிப்பில் சொல்லியும் பெயர்ப்பதே நேர்மையான வழி.

'பெயர் அறியப்படாதவர்' என்பதும் கருதத்தக்கது. கல்வெட்டுகளும் அளித்தவர் பெயரைத் தந்து, வார்த்தவர் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எனவே வார்த்தவர் பெயரின்மை ஆம்ஸ்டர்டாமில் நேர்ந்த இழப்பன்று. ஆயின் தளத்தில் அது நிரப்பப்படாத இடமாகத் தோன்றுகிறது. கல்வெட்டில் அத்தகைய இடமே இல்லை. ஆக்கியோன் பெயரை முதலிற் கேட்கும் படிவம் ஐரோப்பிய ஓவியத்திற்கு என வகுக்கப்பட்டது. சோழப் படிமம் அப்படிவத்தினுள் அடங்கும்போது வெற்றிடம் உண்டாகிறது.

8. எண்ணும் மொழியும்

மொழிச்சிக்கலைக் கடக்கும் வழியாக எண்குறியீடு கையாளப்படுவதும் உண்டு. லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி வான் டி வால் வகுத்த 'ஐகான்கிளாஸ்' என்னும் பகுப்பு முறை படங்களின் பாடுபொருளை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கிறது. ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் அச்சோவியங்களைப் பகுப்பதற்கு இதனைப் பயன்படுத்தியுள்ளது. குறியீடு ஒன்றே, விளக்கம் ஆங்கிலம், செருமன், பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளில் கிடைக்கிறது. தலைப்பு எம்மொழியில் இருப்பினும் குறியீட்டின் வழியே படத்தை அடையலாம் என்பது இதன் பெரும்பயன். ஆங்கிலப் பக்கத்தின் வழியே நுழைந்தவரும் பல ஆண்டுகள் அச்சோவியங்களின் தலைப்பை டச்சிலேயே கண்டனர் என்பதை நினையும்போது இப்பயன் விளங்கும். புகழ்பெற்ற ஓவியங்கள் இருமொழித் தலைப்பும் வழக்குப் பெயரும் வரலாறும் பெற்றன. பல்லாயிரம் அச்சோவியங்கள் ஒற்றைத் தலைப்புடன் நின்றன.

எனினும் எண்ணும் மொழியின் சார்பினின்று விடுபட்டதன்று. பத்துப் பெரும்பிரிவுகளுள் ஏழாவது முழுவதும் விவிலியத்திற்கும், ஒன்பதாவது கிரேக்க உரோமானியத் தொன்மத்திற்கும் பண்டை வரலாற்றிற்கும் உரியன. சமயத்திற்குரிய முதற்பிரிவினுள் கிறித்தவத்திற்கு ஓர் உட்பிரிவும், 'கிறித்தவம் அல்லாத சமயங்கள்' அனைத்திற்கும் ஓர் உட்பிரிவும் உள. ஐரோப்பிய ஓவியத்தைப் பகுப்பதற்கென அமைந்த முறை என்பதால் இதனைக் குற்றமாகக் கூறுதல் பொருந்தாது. ஆயின் அம்முறையைப் பிற நாட்டுக் கலைக்கு விரிப்போர், எதிர்மறையால் பெயரிடப்பட்ட ஓர் உட்பிரிவினுள் பல நாட்டுத் தொன்மங்களும் நெருக்குண்பதை உணர்தல் வேண்டும். இக்குறியீடுகளுக்குத் தமிழ் விளக்கம் வகுக்க முற்படுவோர், 'அல்லாத' என்னும் எதிர்மறையை அப்படியே பெயர்த்து அதன் சார்பை வெளிப்படையாக நிறுத்துவதே தக்கது. 'பிற சமயங்கள்' என மென்மையாக்கினால் சார்பு மறையுமேயன்றி நீங்காது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவதாக, தலைப்பு எவ்வகையது என்பதை மொழிபெயர்ப்பாளர் தெளிதல் வேண்டும். ஆக்கியோர் இட்ட பெயர், வழக்கில் எழுந்த பெயர், பட்டியல் தொகுத்தோர் தந்த விளக்கம் என அது மூவகைப்படும். முதல்வகையை மாற்றாமல் பெயர்க்கலாம். இரண்டாம் வகையை 'எனப்படும்' என்னும் வாய்பாட்டுடன் தரலாம். மூன்றாம் வகை விளக்கமே ஆதலின், தமிழ் இயல்பிற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் உரிமை உண்டு.

இரண்டாவதாக, ஆங்கிலத் தொகைப்பெயரைத் தமிழ்த் தொகைப்பெயராக்கும் பழக்கத்தை விடுத்து, படத்தில் நிகழும் வினையை நோக்கிப் பெயரெச்சத் தொடராக்குதல் நன்று. பள்ளிப் பாடநூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் உலக ஓவியங்களின் பெயர்கள் ஆங்கில வழியே வருகின்றன. பொறிவழி மொழிபெயர்ப்பு பெருகிவரும் இக்காலத்தில் 'பால்காரி' போன்ற பெயர்கள் சரிபார்ப்பாரின்றி நிலைபெறும் வாய்ப்பு மிகுதி. ஒருமுறை நிலைபெற்ற பெயர் எளிதில் நீங்காது என்பதற்கு இரவு நீங்காத பகல் ஓவியமே சான்று.

மூன்றாவதாக, பட்டியல் எண்ணைப் பெயருடன் தருதல் வேண்டும். ரெம்பிராண்டின் காவற்படை ஓவியம் 'எஸ்கே-சி-5' என்னும் எண்ணுடையது. இரவலாகப் பெற்ற ஓவியங்களுக்கு உரியது 'சி' என்னும் எழுத்து. இவ்வோவியம் ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் உடைமையாகவே இன்றும் உள்ளது. தலைப்பு சொல்லாத உடைமை வரலாற்றை எண் சொல்லுகிறது. எத்தனை முறை பெயர் மாறினும், எம்மொழிக்குப் பெயர்க்கப்படினும், படைப்பை இனங்காண இவ்வெண் உதவும்.

நான்காவதாக, மனிதரைக் குறிக்கும் தலைப்புகளில் பெயரை யார் இட்டார் என்னும் வினா தவிர்க்கவியலாதது. இசபெல்லா தன் பெயரைப் பெற்றார். வான் பெங்காலன் என்னும் பெயர் தாங்கியோரின் முந்தைய பெயர்களோ பதிவுரைக்கு வெளியே நிற்கின்றன.

பத்து இலட்சம் பொருள்களின் பெயர்களை ஒரு நிறுவனம் ஒரே தலைமுறையில் செப்பம் செய்துவிட இயலாது. ரைக்ஸ் அருங்காட்சியகம் அப்பணியைத் தொடங்கியிருப்பதும், அதனை மறைவின்றிச் செய்ய முற்படுவதும் பாராட்டிற்குரியன. படத்தை அளித்ததைப் போலவே, ஒவ்வொரு பெயரும் எப்போது, யாரால், எக்காரணத்தால் வந்தது என்னும் வரலாற்றையும் பதிவுரைதோறும் அளிக்குமாயின், அத்தளம் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் முதன்மையான சான்றுக் களஞ்சியமாக விளங்கும்.